பெண்களுக்குக் குருப்பட்டம்: வேதம் தடுக்கிறதா, உலகம் தள்ளுகிறதா?

உங்கள் சபையில் பெண்களைக் குருவானவர்களாக அபிஷேகம் செய்யலாமா என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தரப்பு, "வேதம் தெளிவாகத் தடுக்கிறது, இது உலகத்தின் சமத்துவக் கொள்கையைச் சபைக்குள் புகுத்துகிற வேலை" என்கிறது. இன்னொரு தரப்பு, "இந்தக் காலத்திலும் இதையெல்லாம் விவாதிப்பதே அநியாயம், அரசு சட்டம் போட்டு மாற்ற வேண்டும்" என்கிறது. வேதத்தை நம்புகிற ஒருவர் எங்கே நிற்பது என்பது உங்கள் கேள்வி. அதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வேதம் என்ன சொல்கிறது என்பது ஒன்று. சபை தன் குருமார்களை யாரிலிருந்து எடுக்கிறது என்பதில் வெளியுலகத்துக்கு, குறிப்பாக அரசுக்கு, என்ன வேலை என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் கூட்டங்களில் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது.

நான் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பிக்கிறவன். குருத்துவப் பயிற்சிக்கு வரும் ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து இந்த வசனங்களோடு மல்லுக்கட்டுவதைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்பதே என் நிலை. முதலிலேயே சொல்லிவிட்டால், நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று தெரிந்துகொண்டு படிப்பீர்கள். வேத விளக்கம்தான் என் படிப்பு. சட்டம் நான் படித்ததில்லை. ஆகவே அரசு, நீதிமன்றம் பற்றி வரும் இடங்களில் எல்லார் கண்முன்னாலும் நடந்ததை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

விவாதம் எங்கே தொடங்கினாலும், அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்), 1 தீமோத்தேயு 2:12இல் வந்து நிற்கும். உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் ஸ்திரீயானவளுக்கு உத்தரவு கொடுப்பதில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. இதை மழுப்பக் கூடாது, எழுதியது எழுதியதுதான். ஆனால் வகுப்பில் நான் ஒன்று கேட்பேன்: 8ஆம் வசனத்தில் தொடங்கி 15 வரை நிறுத்தாமல் வாய்விட்டுப் படியுங்கள். புருஷர்கள் கோபமும் தர்க்கமும் இல்லாமல் கைகளை உயர்த்தி ஜெபிக்க வேண்டும். பெண்கள் மயிரைப் பின்னி, பொன்னும் முத்தும் விலையுயர்ந்த துணியும் அணிந்து தங்களை அலங்கரிக்கக் கூடாது. அமைதலோடு கற்றுக்கொள்ள வேண்டும். உபதேசிக்கக் கூடாது. ஆதாம்தான் முதலில் உருவானான், வஞ்சிக்கப்பட்டவள் ஏவாள். பெண் பிள்ளைப்பேற்றினாலே இரட்சிக்கப்படுவாள். எட்டே வசனங்கள். இவற்றில் 12ஐ என்றைக்கும் மாறாத சட்டமாகப் பிடித்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் 9ஐ அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். 15ஐ எழுத்துக்கு எழுத்து எடுத்தால் குழந்தை இல்லாத பெண்ணின் கதி என்ன என்ற கேள்விக்கு எந்தத் தரப்பும் நிம்மதியாகப் பதில் சொன்னதில்லை. ஆக, இந்தப் பகுதியை விளக்கம் இல்லாமல் 'அப்படியே' கடைப்பிடிக்கிறவர் யாரும் இல்லை. எல்லாரும் விளக்கம்தான் சொல்கிறோம். எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறோம் என்பதில்தான் பிரிகிறோம்.

எதிர்ப்பவர்களிடம் இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. அதைக் கேட்காமல் தாண்டிப் போவது நியாயமில்லை. நகையும் பின்னலும் வழக்கம். உபதேசத் தடைக்கோ பவுல் படைப்பையே காரணம் காட்டுகிறார், ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான் என்கிறார், படைப்பு ஒழுங்கு காலத்தோடு மாறாது என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் வலுவான வாதம் இதுதான். ஆனால் 1 கொரிந்தியர் 11ஐத் திறந்து பாருங்கள். பெண் ஜெபிக்கும்போது தலையை மூட வேண்டும் என்பதற்கும் பவுல் அதே படைப்பு வரிசையைத்தான் காரணமாகச் சொல்கிறார்: புருஷன் ஸ்திரீயிலிருந்து தோன்றவில்லை, ஸ்திரீதான் புருஷனிலிருந்து தோன்றினாள். அந்த முக்காட்டை இன்று கட்டளையாக வைத்திருக்கிற சபைகள் உலகில் குறைவு. அதே காரணத்தின்மேல் நிற்கும் இரண்டு கட்டளைகளில் ஒன்றைத் தளர்த்திவிட்டு மற்றதை மட்டும் இறுக்கிப் பிடிப்பதற்கு வேறு ஒரு நியாயம் வேண்டும். அதை இன்னும் யாரும் எனக்குத் திருப்தியாகச் சொல்லவில்லை. போதாததற்கு, அதே 11ஆம் அதிகாரத்தின் 5ஆம் வசனம், பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடப்பதாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது. மூன்று அதிகாரம் தள்ளி, 14:34இல் பெண்கள் சபையில் பேசாமலிருக்கக்கடவர்கள் என்று வருகிறது. எழுதியவர் ஒருவர், நிருபம் ஒன்று. 14ஐ முழுத் தடையாக எடுத்தால் 11க்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. ரோமர் 16 தொடங்குவதே பெபேயாளோடுதான். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று பவுல் அவளை அறிமுகப்படுத்துகிறார். அப்போஸ்தலர் 18இல் பிரிஸ்கில்லாளும் அவள் கணவன் ஆக்கில்லாவும், வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவை அழைத்துத் தேவனுடைய வழியை இன்னும் திருத்தமாக விளக்குகிறார்கள். பிலிப்புவின் நாலு குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பழைய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 2 இராஜாக்கள் 22. தேவாலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது. ராஜா யோசியா அதைக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். கர்த்தர் என்ன சொல்கிறார் என்று விசாரிக்க ஆள் அனுப்புகிறான். பிரதான ஆசாரியனே அந்தக் குழுவில் போகிறான். எரேமியா உயிரோடிருந்து தீர்க்கதரிசனம் சொன்ன காலம் அது. அவர்கள் போய் நின்றது உல்தாள் என்ற தீர்க்கதரிசியின் வீட்டு வாசலில். கண்டெடுத்த வேதச் சுருளின் வார்த்தைகள் நிச்சயமாகப் பலிக்கும் என்று தேசத்துக்கே சொன்ன வாய் ஒரு பெண்ணுடையது. இந்தப் பெண்களில் யாரும் இன்றைய அர்த்தத்தில் 'குருவானவர்' இல்லை என்பதும் உண்மை. முதல் நூற்றாண்டில் அந்தப் பதவி இன்றைய வடிவத்தில் ஆண்களுக்கும் இருக்கவில்லை.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆதரிக்கிற தரப்பு சில சமயம் வேகத்தில் அளவுக்கு மீறிச் சொல்லிவிடுகிறது. ரோமர் 16:7இல் வரும் யூனியா பெண்தான் என்பதில் இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் அவள் அப்போஸ்தலர்களில் ஒருத்தியா, அப்போஸ்தலர்களிடம் பேர்பெற்றவளா என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. 1 கொரிந்தியர் 14:34-35 சில பழைய கைப்பிரதிகளில் அதிகாரத்தின் கடைசிக்குப் போய் 40ஆம் வசனத்துக்குப் பின்னால் நிற்கிறது. இதை வைத்து அது பிற்சேர்க்கை என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நமக்குக் கிடைத்திருக்கும் கைப்பிரதிகளில் அந்த வரிகள் எங்காவது ஓரிடத்தில் இருக்கத்தான் செய்கின்றன. எபேசுவில் அர்தேமிஸ் கோயில் இருந்தது, அங்கே பெண்களின் ஆதிக்கம் இருந்தது, அதனால்தான் பவுல் தடுத்தார் என்ற விளக்கம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நிருபத்தில் அர்தேமிஸ் என்ற பேச்சே இல்லை. எபேசுவில் கள்ளப் போதகம் பரவியிருந்தது என்பது நிருபத்திலேயே இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது, பலர் யோசிக்காமல் விடுகிற ஒன்று. குருவானவர் என்றால் யார் என்பதில் சபைகள் ஒத்துப்போவதில்லை. அது மாறினால், எந்த வசனம் கனம் என்பதும் மாறிவிடுகிறது. போதகர் என்றால் முதன்மையாக உபதேசிக்கிறவர் என்று எண்ணும் சபைகளில் 1 தீமோத்தேயு 2 தான் போர்க்களம். அமெரிக்காவின் பெரிய புராட்டஸ்டன்ட் பிரிவான சதர்ன் பாப்டிஸ்டுகள் 2000இல் தங்கள் விசுவாச அறிக்கையில் போதகர் பதவி ஆண்களுக்கே என்று எழுதியது அந்த வழியில்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் வாதம் வேறு தடத்தில் ஓடுகிறது: பலிபீடத்தில் குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், இயேசு தெரிந்துகொண்ட பன்னிருவரும் ஆண்கள், இதை மாற்ற திருச்சபைக்கே அதிகாரம் இல்லை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994இல் அறிவித்தார். ஆனால் 1976இல் வத்திக்கானின் சொந்த விவிலிய ஆணையம் இதை ஆராய்ந்தபோது, வேதத்தை மட்டும் வைத்துப் பெண்களை விலக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று 12க்கு 5 என்ற கணக்கில் கருத்துச் சொன்னது. ஆக, கத்தோலிக்க நிலைப்பாடு மரபின் தோளிலும் ஏறி நிற்கிறது. ஆகவே உங்கள் கூட்டத்தில், 'குருவானவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்' என்பதை முதலில் பேசுங்கள். அதைப் பேசாமல் வசனங்களை எடுத்து வீசினால் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது.

சரி, இது உலகத்திலிருந்து வந்த சரக்கா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அன்ட்வானெட் பிரவுன் காங்கிரகேஷனல் சபை ஒன்றின் போதகராக அபிஷேகம் பெற்றது 1853இல். அந்த நாட்டின் அரசியல் சட்டம் பாலின அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று சொல்ல 1920 வரை ஆனது. அவர் பெண்ணுரிமை இயக்கத்திலும் இருந்தவர்தான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அரசும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களும் பெண்ணுக்குக் கதவைத் திறக்காத காலத்தில் ஒரு சபை திறந்தது. பிற்பாடு சால்வேஷன் ஆர்மியை (இரட்சணிய சேனையை) கணவரோடு சேர்ந்து நிறுவிய கேதரின் பூத், பெண்கள் பிரசங்கிப்பதை ஆதரித்து 1859இல் சிறுநூல் எழுதினார்; அதன் பக்கங்களை நிரப்பியது வேத வசனங்கள்தான்.

1944இல் நடந்தது இன்னும் தெளிவு. போர்க்காலம். சீனாவின் பல பகுதிகள் ஜப்பானியர் பிடியில். சீனக் கரையோரம் நடுநிலைப் பகுதியாக இருந்த மக்காவ் (Macau) நகரில் அகதிகள் குவிந்திருந்தார்கள். அங்கே ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த) குருவானவர் எவராலும் போய்ச்சேர முடியவில்லை. ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஒய் என்ற பெண் உதவி குரு அந்தச் சபையைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தார். திருவிருந்து கொடுக்க அங்கே குரு இல்லை. ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் ஜனவரி 25 அன்று அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். தான் செய்ததை, புறஜாதியான கொர்நேலியுவுக்குப் பேதுரு ஞானஸ்நானம் கொடுத்ததோடு ஒப்பிட்டார். அங்கே உரிமைப் போராட்டம் எதுவும் இல்லை, ஊர்வலம் இல்லை. அப்பமும் ரசமும் கொடுக்கக் குரு இல்லாமல் ஒரு சபை இருந்தது, அவ்வளவுதான். ஆங்கிலிக்கன் சபைகளின் தலைமைப் பேராயரான கேண்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் இதை ஏற்கவில்லை. எதிர்ப்பு வலுத்ததும், பேராயருக்கு நெருக்கடி வர வேண்டாம் என்று லீ 1946இல் குருவாகப் பணிசெய்யும் உரிமத்தைத் தானே விட்டுக்கொடுத்தார், பட்டத்தைத் துறக்கவில்லை. 1971இல் ஹாங்காங் பெண்களுக்கு முறைப்படி குருப்பட்டம் கொடுத்தபோதுதான் அவருடைய நிலையும் ஏற்கப்பட்டது.

இன்னொன்றும் உண்டு: எதிர்க்கிற தரப்பும் உலகத்தோடு சேர்ந்து மாறித்தான் வந்திருக்கிறது. இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் பெயரில் வரும் மத்தியகால வாதம், பெண் கீழ்ப்பட்ட நிலையில் இருப்பதால் அவளால் மேன்மையின் அடையாளமாக நிற்க முடியாது என்பது. இன்றைக்கு எந்தச் சபையாவது அதை அப்படியே பிரசங்கபீடத்தில் சொல்லுமா? குருத்துவம் ஆண்களுக்கே என்று உறுதிசெய்த 1976 வத்திக்கான் ஆவணமே, பழைய சபைப் பிதாக்களின் எழுத்துகளில் பெண்களுக்கு எதிரான தப்பெண்ணம் கலந்திருந்ததை ஒப்புக்கொள்கிறது. ஆணும் பெண்ணும் மதிப்பில் சமம், பொறுப்பில் மட்டும் வேறு என்ற இன்றைய வாதம், 1987இல் அமெரிக்க இவாஞ்சலிக்கல்கள் (வேத அதிகாரத்தை வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட்கள்) சிலர் வரைந்த டான்வர்ஸ் அறிக்கையில்தான் திட்டமாக உருப்பெற்றது. சமத்துவம் என்ற எண்ணம் ஊரெங்கும் பரவிய பிறகு, பழைய முடிவுக்குப் புதுக் காரணம் தேவைப்பட்டது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தரப்பு மட்டும் உலகக் காற்று படாமல் வேதத்தைப் படிக்கிறது என்ற பேச்சு நிற்காது.

இப்போது அரசு. சுவீடனில் அன்று திருச்சபை அரசுத் திருச்சபை; குருமார் அரசுப் பதவியில் இருப்பவர்கள். அதனால் விஷயம் அங்கே அரசு வேலையில் பெண்களுக்குச் சம உரிமை என்ற வடிவில் உள்ளே வந்தது. 1951இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் புதிய ஏற்பாடு கற்பித்தவர்களில் பெரும்பாலோர், இது புதிய ஏற்பாட்டுச் சிந்தனைக்கு ஒத்துவராது என்று கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். 1957இல் சபை மன்றம் தீர்மானத்தைத் தோற்கடித்தது. அரசின் அழுத்தம் தொடர, 1958இல் சட்டம் நிறைவேறியது. 1960இல் மூன்று பெண்கள் அபிஷேகம் பெற்றார்கள். மனச்சாட்சியால் ஏற்க முடியாதவர்களுக்குக் கொடுத்திருந்த விலக்கு 1982இல் எடுக்கப்பட்டது. முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். வந்த வழிதான் கசப்பை விட்டுப் போனது. 'அரசு திணித்தது' என்ற பேச்சு அங்கே பல பத்தாண்டுகள் ஓயவில்லை. அந்தக் கொந்தளிப்பில் கிறிஸ்டர் ஸ்டெண்டால் என்ற இளம் அறிஞர் எழுதியது இன்றும் படிக்கத்தக்கது. முதல் நூற்றாண்டுச் சபை பெண் குருக்களை எண்ணிப் பார்க்கவில்லை என்பதை அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் முதல் நூற்றாண்டை அப்படியே அரங்கேற்றுவதா நம் வேலை, கலாத்தியர் 3:28 'ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்று காட்டும் திசையில் நடப்பதா என்று கேட்டார். சண்டையின் மையத்தை அவர் சரியாகத் தொட்டார் என்பேன்.

இங்கிலாந்துத் திருச்சபையில் 2012 நவம்பரில் நடந்ததும் பாடம்தான். பெண் பேராயர்களுக்கான சட்டவரைவு அதன் ஆட்சிமன்றமான பொது சினாடில் பேராயர்கள் அவையிலும் குருமார் அவையிலும் எளிதாகத் தேறியது. சபையார் அவையில் ஆதரவு 132, எதிர்ப்பு 74. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு வாக்குகள் குறைவு. மறுநாளே பிரதமர் டேவிட் கேமரன், காலத்தோடு நடந்துகொள்ளுங்கள் என்ற தொனியில் நாடாளுமன்றத்தில் பேசினார். பெண் பேராயர்களை ஆதரித்த முன்னாள் டர்ஹம் பேராயர் என். டி. ரைட் அதற்கு டைம்ஸ் நாளிதழில் எழுதிய மறுப்பு, நமக்கு வேண்டியது முன்னேற்றம் என்ற முழக்கமல்ல, வேதம் என்பதுதான். ஆதரவாளர் ஒருவரே அப்படி எழுதியதுதான் அதன் பலம். ஆனால் பிரதமருக்குப் பேச உரிமையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தத் திருச்சபையின் 26 பேராயர்கள் பிரபுக்கள் அவையில் உட்கார்ந்து நாட்டுச் சட்டங்களில் வாக்களிக்கிறார்கள். பேராயர் பதவி ஆணுக்கு மட்டும் என்றால் சட்டமன்ற இருக்கைகள் சிலவும் ஆணுக்கு மட்டும் என்று ஆகிவிடும். அரசு கொடுத்த இருக்கையில் உட்காருகிறவரை அரசு கேள்வி கேட்கத்தான் செய்யும். 2014இல் அதே சினாடு, எதிர்ப்பவர்களுக்கான ஏற்பாடுகளை இன்னும் கவனமாக எழுதி, தானே நிறைவேற்றியது. 2025 அக்டோபரில் கேண்டர்பரி பேராயராகவே சாரா மலாலி என்ற பெண்ணின் பெயர் அறிவிக்கப்பட்டது.

அரசோடு இப்படிப் பிணைப்பு இல்லாத சபைகளில் நிலைமை வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் ஒருமனதாக, சபை யாரைத் தன் ஊழியராக வைப்பது என்பதில் வேலைவாய்ப்புச் சட்டம் நுழைய முடியாது என்றது. எனக்கு அது சரியாகவே படுகிறது. இன்று பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடு என்று உத்தரவிடக்கூடிய அரசு, நாளை கொடுக்காதே என்றும் உத்தரவிடும். கொடுத்த சபைகளே திரும்பப் பெற்றதும் உண்டு: ஆஸ்திரேலிய பிரெஸ்பிட்டேரியன் சபை 1974இல் அனுமதித்து 1991இல் நிறுத்தியது, லாத்வியாவின் லுத்தரன் சபை 1975இல் தொடங்கி, 1993இல் கைவிட்டு, 2016இல் ஆண்களுக்கே என்று விதியாக எழுதிவைத்தது. காலம் போகப் போகத் தானாக நடக்கும் என்று நம்பிச் சும்மா இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே உங்களுக்கு என் பதில்: வேதத்தை நம்புகிற நீங்கள் இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கலாம், வேதத்தை நம்புவதாலேயே ஆதரிக்கலாம். எதிர்த்து வாக்களிக்கும் நண்பரைப் பெண் வெறுப்பாளர் என்று முடிவுகட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் ஒரு பெண் விளக்கம் சொன்னால் அவர் உட்கார்ந்து கேட்கிறாரா என்று பாருங்கள். அவர் எதைக் காக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். உரிமைச் சட்டத்தின் மொழியை இந்த வாக்கெடுப்பில் முன்னால் நிறுத்தாதீர்கள். அதற்குரிய இடம் பின்னால் வருகிறது: சம்பளம், பேறுகால விடுப்பு, பாலியல் தொல்லைக்கான புகார் முறை, பணிமாற்றம். இவற்றில் வசனத்துக்கும் விளக்கத்துக்கும் வேலையே இல்லை. வெளியுலகம் சபைக்கு முன்னால் போயிருக்கிறது என்பதை மனதார ஒத்துக்கொண்டு கற்றுக்கொள்ளலாம். தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குருவானவர் 1976இல் அபிஷேகம் பெற்றார். முதல் பெண் பேராயர், நந்தியால் பேராயத்துக்கு, 2013இல் வந்தார். வேத விவாதத்தை அந்தச் சபை எப்போதோ முடித்திருந்தது. ஆனாலும் இடையில் 37 வருடங்கள். உங்கள் தீர்மானத்தின் வாசகம் கைக்கு வந்ததும், அது உதவி குருவோடு நிற்கிறதா, பேராயர் பதவி வரை போகிறதா, அபிஷேகம் பெற்ற பெண்ணைத் தனிப் பொறுப்பில் ஒரு சபைக்கு அனுப்புவது யார் கையில் என்று பாருங்கள். இவை அதில் தெளிவாக இல்லையென்றால், வாக்கெடுப்புக்கு முன்னாலேயே திருத்தம் கொடுத்து எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.